இருவருக்கு ஒரு ஸ்பேனர்

தம்பியின் விரல்கள் எதையும் தொடங்கி வைக்கவே பழகியவை. முடித்து வைப்பது எந்நாளும் அண்ணனின் வேலை.

சிறுவயதில் அவர்களுக்கு அப்பா ஒரு தகரப்பெட்டி வாங்கி வந்தார். உள்ளே வரிசையாகத் துளையிட்ட பச்சைத் தகடுகள், சக்கரங்கள், ஒரு நூல்கண்டு, கடுகளவில் நட்டும் போல்ட்டும். இறுக்குவதற்கு ஒரே ஒரு குட்டி ஸ்பேனர். அதை மூத்தவன் எடுத்துக்கொண்டான். இளையவன் துளையோடு துளை பொருத்தி, நட்டை விரலால் ஏற்றிவிட்டு நகர்வான். மூத்தவன் பின்னாலேயே வந்து ஒவ்வொன்றாக இறுக்குவான்.

"ஒரு தடவ குடுண்ணா, நானும் முறுக்குறேன்."

"உனக்குக் கை பத்தாதுடா. நீ மாட்டு."

"எப்பப் பாத்தாலும் நீயேதான்!"

"முன்னாடி பொறந்திருக்கணும். போ, அடுத்தத மாட்டு."

அவர்கள் கட்டிய கிரேன் அம்மாவின் உப்பு டப்பாவைத் தரையிலிருந்து மேசை உயரத்துக்குத் தூக்கியபோது, இருவரும் மூச்சு விடவும் மறந்தார்கள். வெறுமையில் ஒன்றை எழுப்பி நிறுத்தும் இன்பம் பசியறியாதது. உலகைச் சமைத்தவனும் இந்த இன்பத்தின் பொருட்டே சமைத்தானோ என்னவோ!

"உப்ப எங்கடா வச்சீங்க?" என்று அம்மா கத்தினாள்.

"மாடிக்குப் போயிருக்கும்மா!"

வளர்ந்தபின் இருவரும் சாரம் கட்டும் வேலைக்குப் போனார்கள். எழும்புகிற கட்டடத்தை ஒட்டி இரும்புக் குழாய்களை நிறுத்தி, குறுக்கே குழாய் வைத்து, சேரும் இடங்களைக் கிளாம்பால் பிணைத்து, மேலே பலகை பரப்பும் வேலை அது. ஆள் வளர்ந்தும் முறை மாறவில்லை. தம்பி முன்னே ஏறிக் கிளாம்பை மாட்டி, நட்டை விரலால் ஏற்றிவிட்டுப் போவான். அண்ணன் பின்னே வந்து இறுக்குவான். ‘ரெட்டை மாடு’ என்று மற்றவர்கள் பெயர் வைத்திருந்தார்கள். ஒருவன் தனியே வந்தால், "இன்னொண்ணு எங்கய்யா, மேயப் போயிருக்கா?" என்பார்கள். அண்ணன் இறுக்கிய நட்டை இன்னொருவர் சோதித்துப் பார்த்ததில்லை. அவன் ஈட்டிய பெருமை அது ஒன்றுதான்.

பிறகு அண்ணனுக்கு வலத்தோளில் வலி கண்டது; ஸ்பேனரை முறுக்க முடியவில்லை. ஒருநாள் காலை, வேலைக்கு ஏறும்முன், புத்தம்புது ஸ்பேனர் ஒன்றைத் தம்பியிடம் நீட்டினான்.

"இந்தாடா. இதுக்குத்தான அன்னிக்கு அந்த அழுக அழுத? இனிமே நீ மாட்டுறத நீயே முறுக்கு."

"இப்பவாவது கை பத்துமாண்ணா?"

"பத்தலேன்னா கால வச்சு முறுக்கு."

தம்பி சிரித்துக்கொண்டே அதை இடுப்பில் செருகி ஏறினான். மகிழ்ச்சியில் கை வேகமாக ஓடியது. மாட்டினான், விரலால் ஏற்றினான், நகர்ந்தான். மாட்டினான், ஏற்றினான், நகர்ந்தான். இடுப்பில் ஸ்பேனர் இருப்பதை அவன் மனம் அறியும், விரல்கள் அறியவில்லை. அண்ணன் பின்னால் வருகிறான் என்றே அவை நம்பிக்கொண்டிருந்தன.

பலகையை இடத்தோளில் சுமந்துகொண்டு அண்ணன் மூன்றாம் தட்டில் கால் வைத்தான். குறுக்குக் குழாய் நழுவியது. தம்பி திரும்பிப் பார்த்தபோது அங்கே பலகையும் இல்லை, அண்ணனும் இல்லை.

விசாரிக்க வந்தவர்கள் கிளாம்ப் இறுக்கப்படாமல் இருந்ததைக் கண்டார்கள். இறுக்குவது யார் என்று கேட்டதற்கு எல்லோரும் அண்ணனைச் சொன்னார்கள். தம்பி முதலில் அதிர்ச்சியால் வாயடைத்திருந்தான்; பிறகு அச்சத்தால். அவன் பேசாதிருந்த அந்த இடைவெளியில் பழி இறந்தவன் தலையில் ஏறி அமர்ந்துவிட்டது.

சில நாள் கழித்து அவன் அண்ணியைப் பார்க்கப் போனான். அண்ணன் மகள் அந்தப் பழைய தகரப்பெட்டியைத் தரையில் கவிழ்த்து, பச்சைத் தகடுகளால் ஏதோ கட்டிக்கொண்டிருந்தாள். அண்ணி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"குடிங்க தம்பி. ஒண்ணு கேக்கணும் உங்கள. கதவப் பூட்டிட்டு நாலு தடவ இழுத்துப் பாக்குற மனுஷன் அவரு. அவரு அசட்டையா விட்டுட்டாருன்னு வர்றவங்க போறவங்கல்லாம் சொல்றாங்க. இவ பள்ளிக்கூடத்துல கூடக் கேக்குறாங்களாம். கூட இருந்தது நீங்க. சொல்லுங்க, விட்டாரா?"

தம்பி பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து அவள்முன் வைத்தான். அதன் வாயில் ஒரு கீறலும் இல்லை. கடையில் பூசிய எண்ணெய்கூட அப்படியே இருந்தது.

"அன்னிக்குக் காலையில இத என்கிட்ட குடுத்துட்டாரு அண்ணி. நான்தான் முறுக்கியிருக்கணும். பழக்கத்துல... மாட்டிட்டு மட்டும் போயிட்டேன்."

அண்ணி அதைத் தொடவில்லை.

"மேஸ்திரிகிட்ட சொன்னியா?"

அவனை அவள் ஒருமையில் கேட்டது அதுவே முதல்முறை.

"காலையில சொன்னேன். முடிஞ்சத எதுக்குக் கெளப்புறேன்னு திட்டி அனுப்பிட்டாரு. எழுதினது எழுதினதுதானாம்."

"சரி. எந்திரி. இனிமே இந்த வாசப்படி ஏறாத."

அவன் எழுந்தான். ஒன்றும் அறியாத குழந்தை அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"சித்தப்பா, இது ஆடிக்கிட்டே இருக்கு. வந்து பாருங்களேன்."

அவன் ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் அண்ணி குழந்தையருகே போய் உட்கார்ந்துவிட்டாள். தகடுகளுக்கு நடுவே தேடி அந்தக் குட்டி ஸ்பேனரை எடுத்தாள்.

"இங்க குடு. யாரு என்ன வேணா சொல்லட்டும்டி. உங்கப்பா எதையும் முறுக்காம விட்டதில்ல. நாளைக்குப் பள்ளிக்கூடத்துல கேக்குறவங்ககிட்டயும் இதையே சொல்லு."

தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான். புது ஸ்பேனர் அவன் குடிக்காத தண்ணீருக்குப் பக்கத்தில் கிடந்தது.