இருநூறு விழுக்காடு மலர்

எங்கள் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியின் மேல்தளத்துத் தையற்காரப் பெண்மணி, குண்டூசியை உதட்டில் கவ்வியபடியே பேசுவார்.

என் மனைவி தைக்கவிருந்த ஒட்டுத்துணிப் போர்வைக்காக, நான்கு அங்குல மலர் மாதிரியை எட்டு அங்குலமாக்கும் பொறுப்பை நான் ஏற்றிருந்தேன். கணிதப் பட்டதாரிக்கு உதவி தேவையில்லை என்றும் அறிவித்திருந்தேன். வீட்டு அச்சுப்பொறியில் இருநூறு விழுக்காடு வைத்தேன். மலர் மிகச் சரியாக வந்தது.

போர்வைக்குத் துணி வெட்ட வந்த அப்பெண்மணி தாளைப் பார்த்தார்.

"அங்கிள், பூ ஓகே லா. ஆனா தையலுக்கு விட்ட கால் இஞ்சும் சேர்ந்து அரை இஞ்சா வளந்துருச்சே! இப்படியே வெட்டுனா போர்வை கட்டில தாண்டிப் போயிரும்."

"இது என் மனைவிக்குத் தெரியவேண்டியதில்லை," என்றேன்.

மிகுந்த விளிம்பை அவர் நறுக்கி முடிக்கவும் மனைவி வரவும் சரியாக இருந்தது.

"ஆன்டி, அங்கிள் கணக்கு ஒரு நூல்கூட பிசகல லா!"

இப்போதெல்லாம் மின்தூக்கியில் அவரைக் கண்டால் நானே முதலில் வணக்கம் சொல்கிறேன். அது நன்றியா, அச்சமா என்பதை இன்னும் தீர்மானிக்கவில்லை.