இன்னைக்கு யார் இல்லை?

எங்கள் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறவர் ஆவுடையம்மாள். சோழபுரத்துக்காரர். அமாவாசைக்குத் தறி ஓடாது. அன்றைக்கு எல்லாரையும் உட்காரவைத்து, யாராவது ஒருவரை இல்லாமல் ஆக்கிவிடுவார்.

"இன்னைக்கு நூல் மில்லு இல்ல. என்ன செய்வீக?"

அடுத்த மாதம் லாரி இருக்காது. அதற்கடுத்து சலவைப் பட்டறை. பதில் வரும்வரை டீ கிடையாது. "இந்த மாசம் யாருக்கா காலி?" என்று பேக்கிங் செல்வலட்சுமி கேலி செய்வாள். முதலாளியான எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். நல்ல நாளும் அதுவுமாக என்ன பேச்சு இது!

"எங்க வீட்டுக்காரரு பட்டாளத்துல ரேஷன் பாத்தவரு. பாலம் போனா சோறு எப்படி வரும்னு அங்க தெனமும் கேட்டுக்கிட்டே இருப்பாகளாம்" என்பார்.

ராஜபாளையத்திலேயே சலவை நடக்கும்போது, மாதம் ஒரு பண்டலை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பட்டறைக்கும் அனுப்புவார். வெயில் இல்லாமலே துணி காயவைக்கும் மிஷின் அங்கே உண்டு. ரெண்டு இடம் எதுக்கு என்று கத்தினேன்.

"பழக்கம் விட்டுறக் கூடாது முதலாளி. ஆபத்துக்குப் போயி நின்னா, நீ யாருன்னு கேப்பாக."

ஓர் ஆடி அமாவாசைக்கு, "இன்னைக்கு நான் இல்ல" என்று சொல்லிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். எங்களுக்கு ஒரு போன் நம்பரும் தெரியவில்லை. சாவி எங்கே என்றுகூடத் தெரியவில்லை. மறுநாள் அலமாரிக் கதவின் உள்பக்கம் பெயின்டால் எல்லாவற்றையும் எழுதினார்: யார் இல்லாவிட்டால் யார், எந்த ரோடு போனால் எந்த ரோடு. பேப்பர் நனையும், செல் செத்துப்போகும் என்றார். நான் சிரித்தேன்.

அந்த மார்கழி பிறந்ததுமே வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மகளைப் பார்க்க ஸ்ரீவைகுண்டம் போயிருந்த ஆவுடையம்மாள் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டார். அவருக்குப் போன் போகவில்லை. மறுநாள் காலையில் திருநெல்வேலி ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து அழைத்தார்கள். அவர்கள் குடோனில் தண்ணீர் புகுந்துவிட்டது.

"காயம்பட்டவங்க வந்துக்கிட்டே இருக்காங்க சார். நாளைக்கு மதியம் வரைக்கும்தான் துணி இருக்கு."

எங்களிடம் இருந்ததெல்லாம் சலவைக்குப் போகாத துணி; அதைக் காயத்தில் கட்ட முடியாது. வழக்கமான பட்டறையின் மோட்டாரோ தண்ணீருக்குள் கிடந்தது.

செல்வலட்சுமிதான் அலமாரியைத் திறந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போன் போட்டாள். "ஆவுடையம்மாக்கா ஆளுகளா? கொண்டாங்க" என்றார்கள். வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் துணி வெளுத்துக் காய்ந்து வந்தது. மறுநாள் காலையில் டிரைவர் ஜெபக்குமார், வெள்ளம் மூடிய சங்கரன்கோவில் ரோட்டை விட்டுவிட்டு, கதவில் எழுதியிருந்தபடி தென்காசி, ஆலங்குளம் வழியாகப் போனான். பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டதாகச் சொன்னான்.

அந்தக் கதவுக்கு முன்னால் கைகூப்பி நின்றேன். கோயிலில்கூட நான் அப்படி நின்றதில்லை. உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாத ஒரு மனுஷி, அங்கே நின்று எங்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் வீங்கிய காலோடு வந்து சேர்ந்தார். மனசு நோகுமோ என்று தயங்கித்தான், "நீங்க இல்லாமலே அனுப்பிட்டோம்" என்றேன்.

"அதுக்குத்தான முதலாளி அம்புட்டுப் பாடும்" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதுவிட்டார்.

தை அமாவாசைக்கு எல்லாரும் உட்கார்ந்தோம். ஆவுடையம்மாள் என்னையே பார்த்தார்.

"இன்னைக்கு முதலாளி இல்ல."

எழுந்து டீக்கடைக்குப் போனேன். ஒரு மணி நேரமாகியும் யாரும் என்னைத் தேடி வரவில்லை. நிம்மதியாக இன்னொரு டீ சொன்னேன்.