முகமூடிக்காரனின் மைத்துனன்

அந்த இரண்டாம் பாகத்தை எடுத்த புண்ணியவான்கள் அன்றைக்கு என் கண்ணில் பட்டிருந்தால் விளக்குமாற்றால்தான் வரவேற்றிருப்பேன். எழுபதுகளில் நடந்தது, எனக்கு இன்னும் ஆறவில்லை. இத்தனைக்கும் எனக்கு ரொம்பப் பிடித்த படம் அது.

முதல் பாகத்தில் கறுப்பு முகமூடி போட்ட ஒருவன் கூரைக்குக் கூரை பறப்பான். துப்பாக்கிக் குண்டு அவன் நெஞ்சில் பட்டுப் பொரிகடலை மாதிரி உதிரும். பறக்கும்போது முதுகில் கட்டிய கம்பி பளிச்சென்று தெரியும். முகமூடி நழுவி மூக்குக்கு வந்துவிடும். அதையெல்லாம் யார் கண்டுகொண்டார்கள்? தூத்துக்குடியில் அதைப் பார்க்காத ஆளே இல்லை என்று சொல்லலாம். அதனால் ‘இரண்டாம் பாகம்’ என்று சுவரொட்டி ஒட்டியதும், வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே மாதா கோயிலில் பூசை முடித்து, சாப்பிட்டுவிட்டு, எங்கள் தெருவே மதிய ஆட்டத்துக்குக் கிளம்பிவிட்டது.

நல்லதை நல்லது என்று சொல்லத்தான் வேண்டும். இரண்டாம் பாகத்தில் கம்பி தெரியவில்லை. முகமூடி கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. கப்பல் தளத்தில் நடக்கிற சண்டையில் மூச்சுவிட மறந்து போனோம். எல்லாவற்றையும்விட, அவன் கல்யாணம் முடித்து, முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பெண்டாட்டியிடம், “ஒவ்வொரு தடவை போகும்போதும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது” என்று சொல்கிற இடம். குண்டு துளைக்காத ஆம்பிளைக்கே பயம்! நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை.

அவருக்குத் தொழில் சங்கு குளிப்பது. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கடலின் அடிக்குப் போய்ச் சங்கு பொறுக்குவார். மூச்சு முட்டினால் கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவார். வள்ளத்தில் இருக்கிறவர் அந்த நிமிடமே தூக்கியாக வேண்டும். அந்தக் கயிற்றை எங்கள் பக்கம் பெண்டாட்டியின் உடன்பிறந்தான் கையில்தான் கொடுப்பார்கள். அவன் அசந்தால் அறுபடுவது அவன் தங்கச்சி தாலி அல்லவா? என் வீட்டுக்காரருக்குக் கயிறு பிடித்தது என் அண்ணன்.

இப்படிப்பட்ட ஊரில் அந்தப் பாவிகள் என்ன காட்டினார்கள் தெரியுமா? வில்லன் கடலுக்கடியில் ஒளித்துவைத்த வெடிப்பெட்டியை எடுக்க முகமூடிக்காரன் கயிறு கட்டி இறங்குகிறான். மேலே கயிறு பிடித்திருப்பது மைத்துனன். வில்லன் ஒரு பணக்கட்டை நீட்டுகிறான். மைத்துனன் இளித்துக்கொண்டே கத்தியை எடுத்துக் கயிற்றை அறுக்கிறான்!

கொட்டகையே இரைந்தது. ஆண்கள் பக்கத்தில் அண்ணன் எழுந்து வெளியே போவது எனக்குத் தெரிந்தது. அவருக்குப் பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் திரையைப் பார்த்தபடியே இருந்தார்.

அதற்கப்புறம் நடந்தது இன்னும் அநியாயம். முகமூடிக்காரன் தண்ணீருக்குள் கண்ணை மூடுகிறான், கையை உயர்த்துகிறான், விர்ரென்று தானாகவே மேலே வந்துவிடுகிறான். அடப்பாவிகளா! தானாக வரத் தெரிந்தவனுக்குக் கயிறு எதற்கு? இல்லாத அவசியத்துக்கு ஒரு கயிற்றைக் கட்டி, அதை அறுக்க ஒரு மைத்துனனையும் கொண்டுவந்து, உலகத்தில் உள்ள அண்ணன் தம்பிகள் எல்லோர் முகத்திலும் சாணியைப் பூசினால், அதற்குப் பெயர் கதையா?

மறுநாள் கடற்கரையில் அண்ணனைப் பார்த்தவன் எல்லாம், கத்தியைத் தீட்டியாச்சா என்று கேட்டிருக்கிறான். அண்ணனும் முதலில் சிரித்துத்தான் இருக்கிறார். வீட்டில் என் மாமியார் சிரிக்கவில்லை.

“ஏளா, நடக்காததையா படமாப் பிடிச்சுக் காட்டுதான்? இனும சின்னவனே கயிறு பிடிக்கட்டும்” என்றார். சின்னவன் என்றால் என் கொழுந்தன்.

எனக்கு உச்சந்தலைவரை ஏறிவிட்டது. “எங்கண்ணன் என்னய மூளியாக்கிப் பாக்கணும்னுட்டா இத்தன வருசம் கயித்தப் பிடிச்சிட்டு நின்னாக?” என்று கத்தினேன். மாமியார் மீதுகூட அவ்வளவு கோபமில்லை. எதிரே உட்கார்ந்து மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாரே என் வீட்டுக்காரர், அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் என் வயிற்றை எரித்தது.

பேச்சு எப்படியோ அண்ணன் காதுக்குப் போய்விட்டது. சாயங்காலம் கயிற்றைச் சுருட்டிக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டு, என்னைக்கூடக் கூப்பிடாமல் திரும்பிப் போய்விட்டார்.

அடுத்த நாள் கொழுந்தனைக் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போன மனுசன், வெயில் ஏறுவதற்குள் வெறும் பையோடு கரைக்கு வந்துவிட்டார். கொழுந்தன்மேல் குற்றமில்லை. பாவம், கை சிவக்கச் சிவக்கத்தான் பிடித்திருந்தான். அப்புறம் என்னதான் ஆச்சு என்று விடாமல் கேட்டேன்.

“இறங்கினா கீழ பாக்கணும்லா. நான் மேலயே பாத்துக்கிட்டு இருந்தேன்” என்றார்.

 கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு நடந்தார். நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று நானும் பின்னாலேயே போனேன். வீட்டுக்காரரையா, அண்ணனையா, இரண்டு பேரையுமா என்று எனக்கே தெரியாது.

அண்ணன் முற்றத்தில் வலையைப் பரப்பி ஊசியால் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். வா என்று சொல்லவில்லை. இவரும் மன்னிப்பு, கின்னிப்பு என்று எதுவும் பேசவில்லை. கயிற்றை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுக் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். இரண்டு பேரும் வலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. வாயைத் திறக்கப் போனேன், அதற்குள் அண்ணன் பேசிவிட்டார்.

“நான் பாதியில எந்திச்சு வந்துட்டேன். கயித்த அறுத்த பெறவு அவன் என்ன ஆனான் மாப்பிள?”

“தானாவே மேல வந்துட்டான்.”

அண்ணன் ஊசியை நிறுத்தினார். இவர் தலையைத் தூக்கவில்லை.

“எனக்கு அது வராது மச்சான்” என்றார்.

அண்ணன் கயிற்றை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.