பொட்டு வைக்காத படம்

எனக்கு மூத்தவன் ஒருவன் இருந்தான். ஏழு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். அவனை ஒரு போட்டோ கூட எடுத்து வைக்கவில்லையே என்ற குறை அம்மாவுக்கு ஆறவே இல்லை. போகியன்று படையல் போடும்போது தாத்தா, பெரியப்பா படங்களுக்குப் பக்கத்தில் அவனுக்காக ஒரு சொம்புத் தண்ணீர் மட்டும் வைப்பாள்.

எனக்கும் ஏழு வயதானது. அம்மா அண்ணனின் கோடுபோட்ட சட்டையை எனக்கு மாட்டி, அவனுக்கு எடுப்பதைப் போலவே வலப்பக்கம் வகிடு எடுத்து, கும்மிடிப்பூண்டி பஜாரிலிருந்த ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனாள்.

"இன்னாடா, பொண்ணு பாக்க வந்தவனாட்டம் நெளியிற?" என்றார் போட்டோக்காரர். எனக்கு அப்போதே கூச்சம் அதிகம்.

படம் சட்டம் போட்டு வந்தது. அடுத்த படையலில் அம்மா ஒவ்வொரு படத்துக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். இந்தப் படத்தின் முன்னால் அவள் கை நின்றுவிட்டது. இரும்பு கம்பெனியில் ஷிப்டு முடித்து வந்திருந்த அப்பா, "வையி. இதுக்குத்தான எடுத்துக்கினு வந்த?" என்றார். அம்மா அவர் காதோடு ஏதோ சொல்லிவிட்டு, விரலில் இருந்த குங்குமத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "உயிரோட கீற புள்ள மூஞ்சிக்கு எப்படி வெக்கிறது?" என்றுதான் சொன்னாளாம். அதை அப்பா எனக்குச் சொன்னது வெகுகாலம் கழித்து.

நான் நெளிந்ததால் படம் சரியாக விழவில்லை என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஒவ்வொரு போகிக்கும் அம்மா என் மோவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பாள். பிறகு படத்தைப் பார்ப்பாள். "இன்னும் அப்படியேதான் கீற" என்பாள். கொஞ்சுகிறாள் என்றே எனக்குத் தோன்றும். அவளுக்குப் பிடிக்கிறதே என்று வகிட்டைக் கூட மாற்றாமல் வைத்திருந்தேன். படம் வெறும் நெற்றியோடே தொங்கியது.

குரல் உடைந்து, கன்னம் ஒட்டி, மீசை அரும்பிய வருஷம் வந்தது. அம்மா வழக்கம்போல என் மோவாயைப் பிடித்தாள். நெடுநேரம் பார்த்தாள். "மாறிப்பூட்டடா" என்றாள். படத்துக்குச் சந்தனம் வைத்தாள். அதன்மேல் குங்குமம் வைத்தாள். பூச்சரத்தையும் போட்டுவிட்டு, அண்ணன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள்.

என் முகம் கெட்டுப்போனதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். தோட்டத்துப் பக்கம் போய், அப்பாவின் சவரக் கண்ணாடி முன்னால் நின்று, அந்த மீசையைத் தண்ணீர் தொட்டுத் தொட்டு அழிக்கப் பார்த்தேன்.