பிசிறு வெட்டிய தபால்தலைகள்

சாமிக்கண்ணுவிடம் இருந்த தபால்தலைகளில் ஒன்றுகூட விலைபோகாது. அது அவருக்கும் தெரியும். வேலை பார்த்த மில் மூடிய பிறகு லாஸ்பேட்டையில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு வாட்ச்மேனாகப் போனவர், அங்கே குப்பைக்கு வரும் கவர்களிலிருந்து கிழித்துச் சேர்த்தவைதான் எல்லாம். ஒரே அஞ்சு ரூபாய் மயில் பத்துப் பன்னிரண்டு இருக்கும். ஆனால் ஒவ்வொன்றிலும் முத்திரை வேறு ஊர். திண்டிவனம், நாக்பூர், ஒன்று எங்கோ அசாமிலிருந்து. அங்கெல்லாம் போய்வந்தவர் மாதிரி மணிக்கணக்கில் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். பைத்தியம்தான். யாருக்கும் கெடுதல் இல்லாத பைத்தியம். என்னைக் கேட்டால் தெருவுக்கு நாலு பேர் இப்படி இருக்கலாம்.

தபால்தலை சேகரிப்போர் சங்கத்தில் பன்னிரண்டு வருஷமாகக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வருபவருக்கு, இந்த ஞாயிற்றுக்கிழமைக் கண்காட்சியில்தான் முதன்முறையாக ஒரு பலகை ஒதுக்கினார்கள். 'பறவைகள்' என்று தலைப்புக் கொடுத்தார். முப்பத்தாறு பறவைகளைத் தண்ணீரில் ஊறப்போட்டு, உரித்து, செய்தித்தாளில் காயவைத்துவிட்டுச் சனிக்கிழமை காலை டியூட்டிக்குப் போனார்.

சாயங்காலம் கருவடிக்குப்பத்து வீட்டுக்கு வந்து பார்த்தால் பகீரென்றது. முப்பத்தாறு தபால்தலைகளிலும் ஓரத்துப் பல்லை யாரோ வழவழவென்று வெட்டியிருந்தார்கள். யாரோ என்ன, அவர் மனைவி கமலவேணிதான். முப்பது வருஷமாக ஜாக்கெட் தைக்கிறவள். துணியில் ஒரு பிசிறு தொங்கினால் அவளுக்குச் சோறு இறங்காது.

"நாலு பேர் பாக்கற எடத்துல பிசிறோடவா வெப்பாங்க? மத்தியானம் பூரா ஒக்காந்து வெட்னேன்," என்றாள் பெருமையாக.

பல் போன தபால்தலையைச் சங்கத்தில் ஒருவரும் சீந்தமாட்டார்கள். கத்தலாமென்று வாயைத் திறந்தார்.

"இந்தக் குருவி நீலத்துல துணி கெடச்சா எனக்கே ஒரு ஜாக்கெட் தெச்சிக்குவேன்," என்றாள் அவள்.

இத்தனை வருஷமாகக் குப்பை என்று திட்டியவள், இன்றைக்கு ஒவ்வொன்றையும் கையிலெடுத்துப் பார்த்திருக்கிறாள். அவருக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. உட்கார்ந்து முப்பத்தாறையும் அட்டையில் வரிசையாகப் பொருத்தினார்.

மறுநாள் சங்கச் செயலாளர் பலகையைப் பார்த்து உச்சுக்கொட்டினார். "கத்தரி பட்டா மதிப்பே இல்லீங்களே."

"முந்தியும் இல்லீங்க சார்," என்றார் சாமிக்கண்ணு. சொன்னதும் மனசு லேசாகிவிட்டது.

புதுப்புடவையில் வந்திருந்த கமலவேணி மற்ற பலகைகளையெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"என்னாங்க, ஒருத்தருமே பிசிறு வெட்டாம வெச்சிருக்காங்க?"

"அவங்க வூட்டுல டெய்லர் இல்ல, வேணி," என்றார் அவர்.