கோமதி டீச்சரின் வெறும் நெற்றி

சனிக்கிழமை காலை. சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தபோது எங்கள் பள்ளி ஆசிரியைகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. கோமதி டீச்சரின் எண்ணிலிருந்து வந்திருந்தது. நெற்றி நிறையக் குங்குமமும் தலை நிறைய மல்லிகையுமாக ஒரு அம்மாள். கீழே, 'அம்மா இன்று விடியற்காலை தவறிவிட்டார்கள்' என்று ஒரு வரி. உடனே ஒரு ஆசிரியை, 'உங்க அம்மாவா டீச்சர்? கர்த்தர் ஆறுதல் தரட்டும்' என்று எழுதினார். இன்னொருவர், 'உங்க ஜாடை அப்படியே இருக்கு டீச்சர்' என்றார். செத்துப்போனவருக்கே துக்கம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த மூக்கு தெரியும். படத்தில் இருந்தது டீச்சரேதான், செய்தியைப் போட்டது அவர் மகள். மீனை அப்படியே போட்டுவிட்டு, டீச்சர் வீடு இருக்கும் திருக்கழுக்குன்றத்துக்குப் பஸ் ஏறினேன்.

பொட்டு வைத்த கோமதி டீச்சரைப் பள்ளிக்குள் எங்களில் யாரும் பார்த்ததில்லை. மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலோரத்தில் இருக்கும் எங்கள் கிறிஸ்தவ ஆரம்பப் பள்ளியில் பொட்டு, பூ, வளையல், கொலுசு, மருதாணி, கையில் கயிறு எதுவும் கூடாது. பிள்ளைகளுக்கும் கூடாது, டீச்சர்களுக்கும் கூடாது. நான் பிறவிக் கிறிஸ்தவள், எனக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. கோமதி டீச்சர் கிருத்திகைக்கு விரதம் இருக்கும் வீட்டிலிருந்து வந்தவர். கணவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார், கல்லு மாதிரி இருக்கிறார். ஆனாலும் டீச்சர் தினமும் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, தாலியை ரவிக்கைக்குள் தள்ளிக்கொண்டுதான் கேட்டுக்குள் வருவார்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், காலையில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி நகம், தலை, சீருடை எல்லாம் பார்க்கிற பொறுப்பும் அவருடையதுதான். அவரிடம் படித்தவர்களுக்கு அந்த வரிசை மறந்திருக்காது. ஈரக் கைக்குட்டையோடு வருவார். பொட்டைத் துடைப்பார். பூவைக் கழற்றுவார், ஆனால் வீச மாட்டார். ஆசிரியர் அறையில் ஒரு பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டுவைத்து, சாயங்காலம் அவரவர் பூவை அவரவர் தலையில் வைத்து அனுப்புவார். எண்ணெய் காணாத தலையோடு வரும் பிள்ளையை நாங்கள் திட்டினால் அவருக்குக் கோபம் வரும். "திட்டாதீங்க டீச்சர். தலை வாராம வருதுன்னா இன்னைக்கு அது வூட்ல யாரோ சரியில்லன்னு அர்த்தம்" என்பார். தன் சீப்பாலேயே வாரி, ரெட்டைப் பின்னல் போட்டு, மடித்து ரிப்பன் கட்டிவிடுவார்.

"உங்களுக்கே இது பிடிக்குதா?" என்று ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன். "பாதி பிடிக்கும், பாதி பிடிக்காது" என்றார். "கையில கயிறு இருந்தா எந்தத் தெருன்னு தெரிஞ்சுடுது. கேட்டுக்குள்ள வந்தா எல்லாப் பிள்ளையும் ஒண்ணாத் தெரியணும். அது எனக்குப் பிடிக்கும்." மீதிப் பாதியைச் சொல்லவில்லை. நானும் தோண்டவில்லை.

ஒருமுறை மீன் விற்கிற ஒரு தாய் கூடையை கேட்டிலேயே இறக்கி வைத்துவிட்டு வரிசைக்குள் புகுந்துவிட்டாள். "இன்னா டீச்சர், எம் பொண்ணு நெத்தியில கீற பொட்டு உன்னை இன்னா பண்ணுச்சு? நீ தாலியறுத்தவ, உனக்கு இல்ல. அதுக்கு எங்க வூட்டுப் பொண்ணும் உன்ன மாதிரியே நிக்கணுமா?" என்று கத்தினாள். எனக்கு ரத்தம் கொதித்தது. ரவிக்கைக்குள் இருக்கும் தாலியை எடுத்து அவள் முகத்துக்கு நேரே காட்டுங்கள் என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. கோமதி டீச்சர், "வெயில் ஏறுதும்மா, மீன் கெட்டுடப் போகுது. போய் வித்துட்டு வாங்க" என்றார். அவ்வளவுதான். ஊரில் பாதிப் பேர் அவரை விதவை என்றும், மீதிப் பேர் மதம் மாறியவர் என்றும் நினைத்திருந்தார்கள். அவர் யாரையும் திருத்தப் போகவில்லை.

அது அவர் தலையோடு போயிருந்தால் பரவாயில்லை. மகள் வித்யாவின் தலையில் விடிந்தது.

செங்கல்பட்டில் ஒரு நல்ல இடம் அமைந்தது. பையனை வித்யாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. தட்டு மாற்ற நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது, பையனின் தாய்மாமா விசாரிப்பதற்காகச் சொல்லாமல் கொள்ளாமல் பள்ளிக்கு வந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட். மிஷன் ஆபீசிலிருந்து யாரோ பெரியவர் வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டாள் எங்கள் எஸ்தர் ஆயா. கோமதி டீச்சரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை மேலே போய்ச் சேரட்டும் என்று அவளாகவே ஆரம்பித்திருக்கிறாள். "அவங்களா? தங்கம் ஐயா! பொட்டு, பூ எதையும் தொட மாட்டாங்க. அவங்கள மாதிரி உருகி உருகி ஜெபம் பண்றவங்க இந்த ஸ்கூல்லயே கிடையாது." எதிரே மைதானத்தில் வெறும் நெற்றியோடு நின்று, பிள்ளைகளுக்குப் பரமண்டல ஜெபம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார் டீச்சர். தாய்மாமா இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

மதம் மாறியதை மறைத்துவிட்டார்கள் என்று சொல்லிச் சம்பந்தத்தை முறித்தார்கள். டீச்சரின் கணவர் செங்கல்பட்டுக்கே போய்ச் சத்தியம் செய்தும் நம்பவில்லை. எஸ்தர் ஆயா டீச்சரின் காலில் விழுந்து அழுதாள். "நீ நல்லதுதானே சொன்ன, எழுந்திரு" என்று தூக்கிவிட்டார் டீச்சர்.

மறுநாள் காலை என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தாளாளர் அறைக்குப் போனார். தாளாளர் உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே டீச்சர் கேட்டார்: "ஐயா, பொண்ணுக்குக் கல்யாணம் ஆகுற வரைக்கும் நான் பொட்டு வெச்சுக்கினு வர்றேன். சின்னதா. அதுக்கப்புறம் பழையபடி வந்துடறேன். பிள்ளைங்களுக்கு உள்ள சட்டத்துல நான் கை வைக்கல." தாளாளர் மேசைக் கண்ணாடியைப் பார்த்தபடி, "ஜெபத்துல வெச்சுச் சொல்றேம்மா" என்றார்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வித்யாகிட்ட சொல்லிடாதீங்க டீச்சர். பதில் வரட்டும், நானே சொல்லிக்கிறேன். அவரு இல்லன்னு சொல்லிட்டா, கேட்டும் கிடைக்காத அம்மாவா அவ முன்னால நிக்கணும்." எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனாலும் அவர் மகள், அவர் கணக்கு என்று விட்டேன். பதில் வரவேயில்லை. தாளாளர் வராந்தாவில் எதிர்ப்படும்போதெல்லாம் டீச்சர் ஒதுங்கி நின்று அவர் முகத்தைப் பார்ப்பார். அந்த மனிதர் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். ஒரு வருஷம் இப்படியே ஓடியது. பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள்.

பள்ளியில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். முன்வரிசையில் கணவரும் வித்யாவும் உட்கார்ந்திருந்தார்கள். தாளாளர் பேசினார். "நம் பள்ளியின் ஒழுங்கை ஒரு நாளும் மீறாத சகோதரி. தனக்கென்று ஒரு வார்த்தை கேட்டதில்லை" என்றார். என்னால் முடியவில்லை, எழுந்துவிட்டேன். "கேட்டாங்க ஐயா. பொண்ணு கல்யாணம் வரைக்கும் பொட்டு வெச்சுக்கிறேன்னு உங்க ரூம்ல நின்னு கேட்டாங்க. நீங்க இன்னும் பதில் சொல்லல" என்றேன். தாளாளர், "இது அதுக்கான நேரம் இல்லம்மா. எல்லாரும் கண்களை மூடி ஜெபிப்போம்" என்றார். எல்லோரும் மூடிக்கொண்டார்கள். நான் மூடவில்லை. வித்யாவும் மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் முடிந்ததும் வராந்தாவில் வந்து என் முந்தானையைப் பிடித்தாள்.

"நிஜமாவே கேட்டாங்களா ஆன்ட்டி? எப்போ?"

"சம்பந்தம் முறிஞ்ச மறுநாளே. காலையிலயே."

முந்தானையை விடாமலே சொன்னாள். "முந்தின நாள் ராத்திரி நான்தான் சொன்னேன் ஆன்ட்டி. உனக்கு ஸ்கூல்தான் பெருசு, ஒரு பொட்டுக்காக உன்னால வாயைத் தொறக்க முடியல, போய்க் கேட்டுட்டு வா, அப்பதான் உன்கிட்டப் பேசுவேன்னு சொன்னேன். அதுக்கப்புறம் நான் அவங்ககூடப் பேசவே இல்ல."

பிள்ளைகளுக்குப் பூவைப் பத்திரமாகத் திருப்பித் தந்த அந்த அம்மாள், பதில் கையில் இல்லாமல் தன் மகளிடம் போகக் கூடாது என்று ஒரு வருஷம் காத்திருந்து செத்துப்போனார். ஆறுதல் சொல்ல எனக்கு வரவில்லை, எனக்குக் கோபம்தான் வருகிறது. அவரை அறிந்த உங்களில் பலர், வாய் திறக்காத நல்லவர் என்று அவருக்கு அஞ்சலி எழுதியிருக்கிறீர்கள். அப்படி எழுதாதீர்கள். கோமதி டீச்சர் வாய் திறந்து கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன். அவருடையது என்று என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். வித்யா போனில் கூப்பிட்டுத் திரும்பத் திரும்ப இதையே கேட்கிறாள். கேட்டாங்கம்மா, கேட்டாங்க என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.