நடுவில் மட்டும் சத்தமான பிளேடு

புல் வெட்டும் மெஷினுக்குப் பிளேடு விற்கிற வேலை, வெளியிலிருந்து பார்க்க ரொம்பச் சுலபம். ஒரு நாள் வந்து நின்று பாருங்கள், தெரியும். பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒரு உதிரிபாகக் கடையின் கவுண்டரில் வருஷக்கணக்காக நிற்கிறேன். பெயர் ஸ்டெல்லா. ஆனால் என்னைவிட மூத்தவர்கள்கூட "அக்கா" என்றுதான் கூப்பிடுகிறார்கள், என்ன செய்வது! வீட்டு வாசலில் நாலு புல் வைத்திருக்கிறவர்கள் எங்களிடம் வருவதில்லை. பாடாங் என்கிற பொதுத் திடல், பள்ளிக்கூடத் திடல், ஃபிளாட்டைச் சுற்றியுள்ள இடம் என்று கண்ட்ராக் எடுத்து, உட்கார்ந்து ஓட்டுகிற பெரிய மெஷினில் வெட்டுகிறவர்கள்தான் வருவார்கள். கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிற உங்களுக்கு நான் அதிகம் சொல்லவேண்டியதில்லை. நம் கால்வலி நமக்குத்தான் தெரியும்.

கையளவு

எங்கள் தொழிலில் முதல் சட்டம், பழைய பிளேடைக் கழற்றிக்கொண்டு வரவேண்டும். நீளம் என்ன, நடு ஓட்டை வட்டமா நட்சத்திரமா, பின்னோரம் எவ்வளவு மடங்கியிருக்கிறது, எல்லாம் அதைப் பார்த்தால்தான் தெரியும். குணா என்கிற கண்ட்ராக்டரிடம் வேலை பார்க்கிற மணியம் மட்டும் அதைக் கொண்டுவந்ததே இல்லை. பாதித் தலை நரைத்த மனுஷன், சொன்னால் கேட்கவேண்டாமா?

ஒரு நாள் இரண்டு கையையும் முன்னால் விரித்து வைத்தபடியே கடைக்குள் வந்தார். மெஷினில் வைத்துப் பார்த்த அளவாம். ஆயர் ஈத்தாமிலிருந்து மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, கையை அசைக்காமல் அப்படியே வந்திருக்கிறார். நான் டேப்பைத் தேடி எடுப்பதற்குள் அவர் போன் அடித்தது. எடுத்துப் பேசினார். பேசி முடித்து மறுபடியும் கையை விரித்தார், கொஞ்சம் சுருக்கினார், யோசித்தார். பிறகு என்னையே கேட்டார்: "அக்கா, நான் உள்ள வரும்போது எவ்ளோ இருந்துச்சு?"

எது ரொம்பச் சத்தம் போடும்?

அந்தக் குணாவே பிறகொரு நாள் வந்தார். கையில் பழைய பிளேடு இருந்தது. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. பசியாறியாச்சா என்று விசாரித்துவிட்டு, இருக்கிறதிலேயே எது ரொம்பச் சத்தம் போடும் என்று கேட்டார். பிளேடின் பின்னோரம் எவ்வளவு உயரமாக மடங்கியிருக்கிறதோ அவ்வளவு காற்றை இழுக்கும். காற்று கூடினால் ஊளையும் கூடும். எல்லாரும் சத்தம் குறைந்ததைக் கேட்டுத்தான் என் உயிரை எடுப்பார்கள். இவர் கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்து, காலையிலேயே வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று சுருக்கென்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. மனைவி சாந்திக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது என்றார். பிள்ளைகள் இல்லை. ஃபிளாட்டில் ஆறாவது மாடி, ஜன்னலோரம் கட்டில். தனியாக விட்டுவிட்டார்கள் என்று தோன்றினால், மூச்சு முட்டுகிற அளவுக்கு அழுவாராம். அதனால் கடல் பாலம் தாண்டித் தூரத்தில் சிம்பாங் அம்பாட்டிலும் ஜுருவிலும் இருந்த நல்ல கண்ட்ராக்கையெல்லாம் விட்டுவிட்டு, அந்த ஜன்னலுக்குக் கேட்கிற தூரத்தில் இருக்கிற பாடாங்குகளை மட்டும் வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அம்மா அவ்வப்போது எட்டிப் பார்ப்பார். ஏதாவது அவசரம் என்றால் ஜன்னலில் சிவப்புத் துண்டைத் தொங்கவிடுவார். நான் உயரமான மடிப்பில் மூன்று பிளேடு எடுத்து வைத்தேன். அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மெஷின் சத்தம் கேக்குற வரைக்கும் அவ அழமாட்டாக்கா."

மூன்றும் ஒன்றுபோல

ஃபிளாட்காரர்கள் சும்மா இருப்பார்களா? இரவு வேலை முடித்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து நிர்வாகத்தில் புகார் கொடுத்துவிட்டார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. சத்தத்தைக் குறை, இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று நிர்வாகத்தில் குணாவுக்குச் சொல்லிவிட்டார்கள். மனுஷன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து, மடிப்புக் குறைந்த பிளேடை வாங்கிப்போனார்.

அடுத்த வாரமே திரும்பி வந்தார். சத்தம் மேலே கேட்கவில்லை. குணா தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று சாந்தி நினைத்திருக்கிறார். ஜன்னல் வழியாகப் பார்க்க எக்கி, கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார். நெற்றியில் தையல். அந்தப் பாடாங் கையைவிட்டுப் போனால் வேலைக்காகத் தூரமாகத்தான் போகவேண்டும். சத்தம் இல்லாமல் வெட்டினால் இப்படி. அவரே ஒரு வழி யோசித்துக்கொண்டு வந்திருந்தார். மெஷினுக்கு மூன்று பிளேடு. ஓரத்து இரண்டும் சத்தமில்லாதது, நடுவில் மட்டும் சத்தமானது.

எனக்கு அதில் சம்மதமே இல்லை. மூன்றும் ஒன்றுபோல இருக்கவேண்டும், இல்லாவிட்டால் புல் மேடும் பள்ளமுமாகக் கோடு விழும், பிறகு கடைமேல் பழி வரும் என்று பாடமாகவே எடுத்துவிட்டேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "புல்லு கோணலா இருந்தா யாரும் அழப்போறதில்லலா அக்கா."

மணியம் கொண்டுவந்த பிளேடு

அந்த ஒரு பிளேடின் சத்தத்தை ஃபிளாட்காரர்கள் பொறுத்துக்கொண்டார்கள். மேலே சாந்திக்கும் கேட்டது. நானும் கோடு விழுகிற புல்லைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டேன். அப்படியே நாள் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு காலையில் மணியம் தனியாக வந்தார். கையில் நியூஸ்பேப்பரில் சுற்றிய பழைய பிளேடு மூன்றும். இன்றைக்குப் பினாங்கில் மழை கொட்டப்போகிறது என்று கேலி பண்ணினேன். சிரிக்கவில்லை. பிரித்துப் பார்த்தால், வெட்டுகிற முனையெல்லாம் கல்லில் அடிபட்டுப் பல் பல்லாகிக் கிடந்தது. புல்லை வெட்டினீர்களா, மண்ணை வெட்டினீர்களா என்று சத்தம் போட்டேன்.

சாந்தி இறந்துவிட்டார் என்று அப்போதுதான் சொன்னார். வெட்டிக்கொண்டிருக்கும்போது ஜன்னலில் சிவப்புத் துண்டு தெரிந்திருக்கிறது. குணா மெஷினை அணைக்காமலே இவரிடம் கொடுத்துவிட்டு மாடிக்கு ஓடியிருக்கிறார். சத்தம் நின்றால் மேலே அந்தப் பெண் பயந்துபோகும் என்று இவர் ஏறி உட்கார்ந்து ஓட்டியிருக்கிறார். புல் தீர்ந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வந்தது, ஆட்கள் கூடினார்கள். இவர் நிறுத்தவில்லை. வெட்டிய இடத்தையே மண்ணும் கல்லும் பறக்கத் திரும்பத் திரும்பச் சுற்றியிருக்கிறார். மணியம் பிளேடைக் கவுண்டரில் வைத்துவிட்டு, காரியம் முடிந்ததும் குணா அண்ணனே வந்து புதியதை வாங்கிக்கொள்வார் என்றார். போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "அண்ணன் கீழ எறங்கி வந்து சொல்ற வரைக்கும் நான் மெஷின அணைக்கலக்கா."

எடுத்து வைத்த மூன்று

பதினாறாம் நாள் காரியம் முடிந்து குணா வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். ஆறுதல் சொல்ல எனக்கு எப்போதுமே வராது. வழக்கம்போல, பசியாறியாச்சா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். பசியாறவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

அவர் கேட்பதற்கு முன்பே எடுத்து வைத்திருந்தேன். மூன்றும் ஒன்றுபோல, மூன்றும் சத்தமில்லாதது. இனிமேல் யாருக்காகச் சத்தம்? ஃபிளாட்காரர்களுக்கும் நிம்மதி, புல்லும் ஒழுங்காக வரும் என்று நினைத்தேன். அதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் பிளேடுகளை அவர் பக்கம் நகர்த்தினேன். என் கண் கலங்கிவிட்டது. அவர் பார்த்துவிடக்கூடாது என்று பில் புத்தகத்தைப் புரட்டினேன். குணா ஒவ்வொரு பிளேடின் பின்னோரத்தையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். இரண்டைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, ஒன்றை மட்டும் என்னிடம் திருப்பித் தள்ளினார். "நடுவுல பழைய மாதிரியே சத்தமானது குடுங்கக்கா. சத்தம் கொறஞ்சா, அவ கூப்பிடுற மாதிரி இருக்கு."

அன்றிலிருந்து நீளம், ஓட்டை, மடிப்பு என்று எல்லாம் கேட்டு முடித்த பிறகு, இந்தச் சத்தத்தை வீட்டில் யாராவது கேட்டுக்கொண்டிருக்கிறார்களா என்றும் கேட்க நாக்கு துடிக்கிறது. கேட்டால் இந்த அக்காவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று எதிர்க்கடைக்குப் போய்விடுவார்களே என்று பில்லைப் போட்டுவிடுகிறேன்.